நான்கு வரி பேட்ச்

"படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தாலே ஃபைல் மேனேஜர் மூடிக்கொள்கிறது. நேற்றுவரை நன்றாக இருந்தது."

காலையில் வந்த முதல் பக் ரிப்போர்ட் இவ்வளவுதான். படித்ததும் வயிற்றைக் கலக்கியது. முந்தைய இரவு ஸ்டேபிள் ரிலீஸுக்கு, பல நிரல்கள் படங்களைத் திறக்கப் பொதுவாகப் பயன்படுத்தும் ஓர் இமேஜ் லைப்ரரியின் அப்டேட்டை அனுப்பியவன் நான்தான். உடனே என் கணினியில் படங்கள் நிறைந்த ஃபோல்டர் ஒன்றைத் திறந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தம்ப்நெயில்கள் வரிசைகட்டி வந்தன. "என்னிடம் வேலை செய்கிறதே" என்று பதில் எழுதினேன். அந்த ஒரு வரியை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

டெபியனை அடிப்படையாகக் கொண்ட ஒரு சிறிய லினக்ஸ் விநியோகத்துக்குச் சில லைப்ரரி பேக்கேஜ்களைத் தன்னார்வமாகப் பராமரிக்கிறேன். பெரிய மாற்றம் இல்லாமல் வருடக்கணக்கில் ஓட வேண்டிய ஸ்டேபிள் ரிலீஸில் எங்கள் வேலை பெரும்பாலும் பேக்போர்ட்தான். மூல டெவலப்பர்கள் ஒரு பாதுகாப்பு ஓட்டையைப் புதிய பதிப்பில் அடைத்திருப்பார்கள். அந்தப் பதிப்பை அப்படியே கொண்டுவந்து போட்டால் கூடவே நூறு மாற்றங்கள் வந்து இறங்கும். அதனால் அடைப்பை மட்டும் உருவியெடுத்து, இரண்டு மூன்று வருடம் பழைய பதிப்பில் ஒட்டுவோம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எப்போதும் குழப்பம். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 1.0.1ஜி பதிப்பில் அது அடைக்கப்பட்டது. டெபியன் 7-க்கு வந்த சரிசெய்த பேக்கேஜின் எண்ணோ 1.0.1இ-2+டெப்7யூ5. நடுவில் 'இ' இருப்பதைப் பார்த்துவிட்டு, இன்னும் ஓட்டை இருக்கிறதே என்று பதறுவது இயல்புதான். விஷயம் வாலில் இருக்கும் அந்த 'யூ5'-இல், அதாவது டெபியனின் ஐந்தாம் அப்டேட் என்ற குறியில், இருக்கிறது. இன்றைக்கும் வெறும் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துச் சிவப்புக் கொடி காட்டும் பாதுகாப்பு ஸ்கேனர் அறிக்கைகள் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதற்கென்றே ஒரு பதிலை எழுதி வைத்திருக்கிறேன்.

சரி, என் பேட்ச்சுக்கு வருகிறேன். குறிப்பிட்ட வகைப் படம் ஒன்று வந்தால் டீகோடர் அளவைச் சரிபார்க்காமல் மெமரியில் எழுதிவிடும். அதைத் தடுக்க நான்கே வரி. ஆனால் அந்த நான்கு வரியும் புதிய பதிப்பின் ஸ்ட்ரக்சரில் (பல தகவல்களை வரிசையாக வைக்கும் மெமரிக் கட்டு) இருந்த ஒரு புலத்தை நம்பியிருந்தன. எங்கள் பழைய பதிப்பில் அந்தப் புலம் கிடையாது. சேர்த்துவிட்டால் போகிறது என்று ஸ்ட்ரக்சரின் கடைசியில் சேர்த்தேன். நடுவில் சேர்த்தால் மற்றப் புலங்கள் இடம் மாறும், கடைசியில் சேர்த்தால் எதுவும் நகராது என்பது எனக்குத் தெரியும். அந்த அரைகுறை அறிவுதான் ஆளைக் கவிழ்த்தது.

சோதிக்காமலும் அனுப்பவில்லை. அந்த லைப்ரரியைப் பயன்படுத்தும் முப்பது பேக்கேஜ்களையும் புதிய லைப்ரரியோடு ரீபில்ட் செய்தேன், அதாவது மூலவரிகளிலிருந்து மறுபடி கம்பைல் செய்து புதிய பைனரி ஆக்கினேன். ஒவ்வொன்றின் டெஸ்டுகளையும் ஓடவிட்டேன். இரவு முழுக்க ஓடி, எல்லாம் பச்சை. லைப்ரரி வெளியே தரும் ஃபங்ஷன் பெயர்களின் பட்டியலான சிம்பல்ஸ் கோப்பின் ஒப்பீடும் சுத்தம். புதிதாக ஃபங்ஷன் எதுவும் சேரவில்லை, எதுவும் காணாமல் போகவில்லை. இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

மதியத்துக்குள் அதே புகார் இன்னும் ஆறு பேரிடமிருந்து வந்துவிட்டது. எங்கள் ரிலீஸைக் கவனிக்கும் மூத்தவர் ஒருவர் சாட்டில் வந்தார். என் பேட்ச்சைக்கூட அவர் முழுதாகப் படித்திருக்க மாட்டார்.

"ரீபில்ட் செய்யாத பைனரியோடு ஓட்டிப் பார்த்தீர்களா?"

"எல்லாவற்றையும் ரீபில்ட் செய்துதான் சோதித்தேன், சார்."

"அதைத்தான் கேட்கிறேன்."

அப்போதுதான் உறைத்தது. அந்த ஸ்ட்ரக்சருக்கான இடத்தை ஒதுக்குவது லைப்ரரி அல்ல, அதை அழைக்கும் நிரல். ஃபைல் மேனேஜர் கம்பைல் ஆன காலத்தில் அந்த ஸ்ட்ரக்சரின் அளவு 192 பைட். அது தன் தற்காலிக மெமரியான ஸ்டாக்கில் 192 பைட்டை ஒதுக்கி, முகவரியை லைப்ரரியிடம் கொடுக்கிறது. என் புதிய லைப்ரரியோ அது 200 பைட் என்று நம்பிக்கொண்டு, முதல் வேலையாக 200 பைட்டையும் பூஜ்யமாக்குகிறது. பக்கத்து வீட்டு எட்டு பைட் காலி. நான் ரீபில்ட் செய்த முப்பது நிரல்களுக்கும் புதிய அளவு தெரியும் என்பதால் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. பயனர்களிடம் இருந்தவை ரீபில்ட் ஆகாத பழைய பைனரிகள். என் கணினியில் சோதனைக்காகப் போட்ட ரீபில்ட் பேக்கேஜ்கள் அப்படியே இருந்தன. "என்னிடம் வேலை செய்கிறதே" என்று எழுதிய காரணம் இதுதான்.

இங்கே தமிழில் எழுதுபவனுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நிரலின் மூலவரியை எழுதுபவர் பார்க்கும் இடைமுகமும், கம்பைல் ஆகி முடிந்த பைனரி பார்க்கும் இடைமுகமும் ஆங்கிலச் சுருக்கத்தில் (API, ABI) ஒரே ஓர் எழுத்தால் வேறுபடுபவை. தமிழில் எழுதினால் இரண்டுமே ஏபிஐ. என் மூளையும் அன்றைக்கு அப்படித்தான் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டது. மூலவரி அளவில் நான் எதையும் உடைக்கவில்லை. பழைய கோட் ஒரு எழுத்து மாறாமல் கம்பைல் ஆகும். பைனரி அளவில் உடைத்திருந்தேன். ரீபில்ட் சோதனை முதல் வகை உடைப்பைத்தான் பிடிக்கும். இரண்டாவது வகையை அதுவே மறைத்துவிடும்.

சிம்பல்ஸ் கோப்பும் இதில் கைகொடுக்காது. அது ஃபங்ஷன் பெயர்களைத்தான் கணக்கெடுக்கும், ஸ்ட்ரக்சருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது. லிப்அபிகெய்ல் தொகுப்பில் அபிடிஃப் என்று ஒரு கருவி இருக்கிறது. பழைய லைப்ரரி, புதிய லைப்ரரி இரண்டையும் டீபக் தகவலோடு அதனிடம் கொடுத்தால், எந்த வகையின் அளவு மாறியது என்று சொல்லிவிடும். எல்லாம் முடிந்த பிறகு ஓட்டிப் பார்த்தேன். 1536 பிட்டிலிருந்து 1600 பிட் ஆகியிருக்கிறது என்று ஒரே வரியில் வந்தது. ஓட சில நொடிதான் ஆயிற்று. நான் ஓர் இரவை முப்பது பில்டுகளுக்குச் செலவழித்திருந்தேன்.

பழைய கைகள் இதையெல்லாம் முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பதும் அப்புறம்தான் கண்ணில் பட்டது. தரவைச் சுருக்கும் இசட்லிப் லைப்ரரியைத் தொடங்கிவைக்கும் அழைப்பில், நிரல் தான் அறிந்த ஸ்ட்ரக்சர் அளவையும் பதிப்பு எண்ணையும் சேர்த்தே அனுப்புகிறது. மேக்ரோவுக்குள் ஒளிந்திருப்பதால் எழுதுபவர்களுக்குத் தெரிவதில்லை. லிப்ஜேபெக் லைப்ரரியும் அப்படித்தான். அளவு பொருந்தாவிட்டால், லைப்ரரி ஒரு அளவு நினைக்கிறது, அழைப்பவர் வேறு அளவு எதிர்பார்க்கிறார் என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். என் லைப்ரரியில் அந்தக் காவல் இல்லை.

பளிச்சென்று கிராஷ் ஆனவை உண்மையில் நல்லவை. ஸ்டாக் ஸ்மாஷிங் என்று கத்திவிட்டுச் செத்தன, காரணம் கிடைத்தது. என்னை உலுக்கியது மூன்றாம் நாள் வந்த இன்னொரு புகார். படங்களை மொத்தமாக உருமாற்றும் ஒரு நிரல் கிராஷே ஆகவில்லை. அதில் பூஜ்யமான அந்த எட்டு பைட்டில் படத்தின் தர அளவு இருந்திருக்கிறது. பயனர் இரண்டு நாட்களாக உருமாற்றிய படங்கள் எல்லாம் கட்டம்கட்டமாக இருந்தன. மூலப்படங்களை அவர் அழிக்கவில்லை என்று தெரிந்தபிறகுதான் மூச்சு வந்தது.

திரும்பப் பெறுவதும் நினைத்த அளவுக்கு எளிதாக இல்லை. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் தானாகப் பழைய பதிப்புக்கு இறங்காது. என் உடைந்த யூ2 போய்ச் சேர்ந்த கணினிகளுக்குப் பழைய யூ1-ஐ மறுபடி அனுப்பிப் பயனில்லை. பழைய உள்ளடக்கத்தையே யூ3 என்று புதிய எண்ணோடு அனுப்ப வேண்டும். (புதிய பதிப்பையே பின்வாங்க நேரும்போது, 2.1+ரியலி2.0 என்பதுபோல வேடிக்கையான எண்கள் டெபியனில் வருவது இதனால்தான்.) அடுத்தது, அப்படி அனுப்பினால் ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும். பாதுகாப்புக்காக வந்த அப்டேட்டைப் பின்வாங்குவதா, உடைந்ததை அப்படியே விட்டுச் சரியான தீர்வுக்குக் காத்திருப்பதா என்று ஒரு மணி நேரம் விவாதித்தோம். ஓட்டையைப் பயன்படுத்த, வேண்டுமென்றே கோணலாகச் செய்த ஒரு படத்தைப் பயனர் திறக்க வேண்டும். அதற்கான நிரல் எதுவும் பொதுவெளியில் இல்லை. உடைப்போ எல்லோருக்கும் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. பின்வாங்கினோம். ஓட்டை மீண்டும் திறந்திருக்கிறது, தெரியாத இடத்திலிருந்து வரும் படங்களைத் திறக்க வேண்டாம் என்று அறிவிப்பில் வெளிப்படையாக எழுதினோம். அதை எழுத நான் தயங்கினேன். மூத்தவர் விடவில்லை.

சரியான தீர்வு அதன்பின் மூன்று நாளில் வந்தது. ஸ்ட்ரக்சரில் உள் உபயோகத்துக்கென்று ஏற்கனவே ஒரு பாயிண்டர் இருந்தது. அது காட்டும் இடத்தை ஒதுக்குவது லைப்ரரியேதான். புதிய புலத்தை அங்கே கொண்டுபோய் வைத்தேன். வெளியே தெரியும் அளவு 192 பைட் ஆகவே இருந்தது. முதலிலேயே ஒரு மணி நேரம் கூடுதலாக யோசித்திருந்தால் இது தோன்றியிருக்கும்.

இதற்குப் பிறகு, ஓர் அப்டேட் எவ்வளவு அபாயமானது என்பதைப் பேட்ச்சின் நீளத்தை வைத்துக் கணக்கிடுவதை விட்டுவிட்டேன். 2006-இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் மெமரிச் சோதனைக் கருவியின் எச்சரிக்கையை நீக்குவதற்காக இரண்டே வரியைச் செயல்படாமல் ஆக்கினார்கள். ரேண்டம் எண்ணுக்கான மூலப்பொருளில் கடைசியில் ப்ராசஸ் எண் மட்டும் மிஞ்சியது. 2008 மே மாதம் கண்டுபிடிக்கும்வரை, அந்தக் கணினிகளில் உருவான குறியாக்கச் சாவிகள் ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் 32,768-க்குள் அடங்கிவிட்டன. இரண்டு வரிதான்!

எனவே இப்போது நான் முதலில் கேட்பது, இந்த லைப்ரரி மேல் யார் யார் சாய்ந்திருக்கிறார்கள், எப்படிச் சாய்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான். லைப்ரரியை நம்பியிருக்கும் பேக்கேஜ்களைக் காட்டும் ரிவர்ஸ் டிபென்டன்சி பட்டியல் ஓர் ஆரம்பம். அதில் வராதவர்கள்தான் தொல்லை. ஓடும்போது லைப்ரரியைத் தேடித் திறக்கும் ப்ளகின்கள் அந்தப் பட்டியலில் தெரியாமல் போகலாம். பயனர்கள் தாங்களே கம்பைல் செய்து வைத்திருப்பவை சுத்தமாகத் தெரியாது. எங்கள் ஸ்டேபிளை நம்பி யாரோ எங்கோ ஒரு பைனரியை மூன்று வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

"எப்படிச் சாய்ந்திருக்கிறார்கள்" என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2010-இல் நடந்தது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் விநியோகத்தில், ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியில், மெமரியை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷன் வேகத்துக்காகப் பின்னிருந்து முன்னாக நகலெடுக்கத் தொடங்கியது. மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படக்கூடாது என்று ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது. ஃப்ளாஷ் பிளேயர் அதை மீறியிருந்தது, ஒலி கரகரத்தது. விதிப்படி தப்பு ஃப்ளாஷ் மேல்தான். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பக் விவாதத்தில் இறங்கி, வேலை செய்துகொண்டிருந்த ஒன்று பயனருக்கு உடைந்துபோனால் விதியைக் காட்டித் தப்பிக்கக்கூடாது என்ற பக்கம் நின்றார். பின்னர் ஜிலிப்சி 2.14-இல் மெம்காப்பிக்குப் புதிய சிம்பல் பதிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். பழைய பைனரிகளுக்குப் பழையபடி பாதுகாப்பான நடத்தை, புதிதாகக் கம்பைல் ஆனவற்றுக்குப் புதியது. அவ்வளவு மெனக்கெட எல்லா லைப்ரரிக்காரர்களாலும் முடியாது. ஆனால் நான் பேக்கேஜ் செய்பவன். ஸ்டேபிளைப் பொறுத்தவரை நான் டோர்வால்ட்ஸ் கட்சி.

பைனரி அளவில் எதுவும் மாறாமல், நடத்தை மட்டும் மாறும் பாதுகாப்பு அப்டேட்கள் இன்னும் வழுக்கலானவை. அபிடிஃப் அங்கே வாய் திறக்காது. 2022 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் வாசிக்கும் எக்ஸ்பாட் லைப்ரரியின் 2.4.5 பதிப்பு ஓர் ஓட்டையை அடைக்க, நேம்ஸ்பேஸ் முகவரிக்குள், அதையும் பெயரையும் பிரிக்க நிரல் தேர்ந்த பிரிப்பான் எழுத்து வந்தால் மறுக்கத் தொடங்கியது. முகவரிகளில் இயல்பாக வரக்கூடிய எழுத்தையே பிரிப்பானாக வைத்திருந்த நிரல்கள் ஒழுங்கான கோப்புகளையும் வாசிக்க மறுத்தன. அடுத்த மாதமே 2.4.7 வந்து அந்தத் தடையைத் தளர்த்தியது. இந்த மாதிரி, 'முன்பு ஏற்றதை இனி மறுக்கும்' பேட்ச்களை இப்போது தனியாக எடுத்துவைக்கிறேன். மூல டெவலப்பர்கள் அடுத்த சில நாட்களில் அதன்மேல் திருத்தம் ஏதும் போடுகிறார்களா என்று பார்ப்பேன். ஓட்டையை யாராவது ஏற்கனவே பயன்படுத்திக்கொண்டிருந்தால் காத்திருக்க முடியாது. மற்றபடி ஒரு வாரம் பொறுப்பதில் எனக்குக் கூச்சம் இல்லை.

எதையும் தொடாமல் இருந்துவிடலாமே என்று தோன்றும். கோஸ்ட் ஓட்டையை நினைத்துக்கொள்வேன். ஜிலிப்சியில் அது 2013 மே மாதமே சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் அது பாதுகாப்புச் சிக்கல் என்று யாருக்கும் படவில்லை. எனவே ஸ்டேபிள் விநியோகங்கள் பலவற்றுக்கு அந்தத் திருத்தம் போகவில்லை. 2015 ஜனவரியில் விஷயம் வெளியானபோது டெபியன் 7, உபுண்டு 12.04 போன்றவை ஓட்டையோடு உட்கார்ந்திருந்தன. "பாதுகாப்பு என்று முத்திரை குத்தியதை மட்டும் எடுப்போம்" என்ற விதிக்கும் விலை உண்டு. அதனால் புதிய பதிப்புகளின் மாற்றக் குறிப்பில் 'எல்லை தாண்டி எழுதுதல்' என்ற வாடை வந்தால், முத்திரை இல்லாவிட்டாலும் திறந்து படிக்கிறேன்.

என் சோதனை முறை இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. ரிலீஸ் ஆன அன்றைய பைனரிகளோடு ஒரு வெர்ச்சுவல் மெஷினை அப்படியே உறையவைத்திருக்கிறேன். அதில் லைப்ரரியை மட்டும் மாற்றுவேன், வேறு எதையும் தொடமாட்டேன். டெபியனின் ஆட்டோபேக்கேஜ்டெஸ்டும் பேக்கேஜ் நிறுவப்பட்ட நிலையில்தான் சோதிக்கிறது. அதை எங்கள் பக்கம் முன்பே அமைத்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. ரீபில்ட் சோதனையையும் விடவில்லை, ஆனால் அதைத் தனி மெஷினில் வைத்துக்கொள்கிறேன்.

அப்டேட்டை நிறுவும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். லைப்ரரியை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் தானாக மாறாது. பழைய கோப்பு டிஸ்கிலிருந்து நீங்கினாலும், ப்ராசஸ் அதை மெமரியில் பிடித்துக்கொண்டே இருக்கும். அதன் மேப்ஸ் பட்டியலில் 'டிலீட்டட்' என்று காட்டும். நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி இதைக் கண்டுபிடித்து எந்தச் சர்வீஸ்களை மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்லும். ஜிலிப்சி வந்தால் நான் யோசிப்பதே இல்லை, கணினியையே ரீபூட் செய்துவிடுகிறேன். பழைய ஜிலிப்சியோடு ஓடும் ப்ராசஸ், பயனர் பெயரைத் தேடும் துணைக் கோப்பைப் புதிய ஜிலிப்சியிலிருந்து திறக்கப் போய் இடறி விழலாம். லாகின் சர்வீஸுக்கு அப்படி ஆனால், சரிசெய்ய உள்ளே நுழையவே வழி இருக்காது.

இன்னொன்று ஹோல்ட். ஏதோ ஒரு அப்டேட் உடைத்தது என்று கோபத்தில், அந்தப் பேக்கேஜ் இனி மாறாதபடி ஆப்ட்-மார்க் ஹோல்ட் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். என் சொந்த சர்வரில் ஒரு லைப்ரரி பதினான்கு மாதம் அப்படியே கிடந்தது. இப்போது ஹோல்ட் போட்டால் அன்றே காலண்டரிலும் ஒரு தேதி போட்டுவிடுகிறேன்.

கடைசியாகக் காத்திருப்புக் காலம். உபுண்டுவில் ஸ்டேபிளுக்கான திருத்தம் குறைந்தது ஏழு நாள் ப்ரபோஸ்ட் என்ற சோதனைக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். அப்புறமும் முதலில் ஒரு பகுதிக் கணினிகளுக்கு மட்டும் போய், கிராஷ் புகார்கள் கூடினால் பரவுவது நிற்கும். ஃபெடோராவில் சோதித்தவர்கள் கர்மா புள்ளி போடுகிறார்கள். நாங்களும் ஏழு நாள் விதியை எடுத்துக்கொண்டோம். ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது தெரிந்தது, அந்த ஏழு நாளில் எங்கள் ப்ரபோஸ்டிலிருந்து யாருமே எதையும் நிறுவியிருக்கவில்லை. பேக்கேஜ் வெறுமனே ஏழு நாள் ஊறிக்கொண்டிருந்தது.

அதனால் அந்த முதல் பக் ரிப்போர்ட்டை எழுதியவருக்கு ஒரு மெயில் போட்டேன். "என்னிடம் வேலை செய்கிறதே" என்று எழுதியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம், இமேஜ் லைப்ரரிகளை ப்ரபோஸ்டிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். அவரிடம் இருபது வருடத்துப் பழைய ஸ்கேன்கள், பாதியில் நின்ற டவுன்லோடுகள் என்று நான் கற்பனைகூடச் செய்யாத படங்கள் நிறைந்த ஒரு ஃபோல்டர் இருக்கிறதாம். போன மாதம் ஓர் அப்டேட்டுக்கு அபிடிஃப், உறையவைத்த மெஷின் எல்லாம் முடித்து ப்ரபோஸ்டில் போட்டுவிட்டு அவருக்குச் சொன்னேன். இரண்டாம் நாள் பதில் வந்தது: "தம்ப்நெயில் வருகிறது. ஒரு படம் மட்டும் தலைகீழாக இருக்கிறது, ஆனால் அது முன்பும் அப்படித்தான் இருந்தது."